மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஏற்ற மொபிலிட்டி ஸ்கூட்டர் எது? கேள்வி-பதில்

கேள்வி: சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் எனக்குப் பல ஆண்டுகளாக இருக்கிறது. சமதரையில் நூறு மீட்டர் நடப்பதற்குள் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் கார் ஓட்டுவதில் சிரமம் இல்லை. பெரும்பாலும் தனியாகவே போய் வருகிறேன். நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சிறிய மின்வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டர் ஒன்றை, டிக்கியில் வைத்து எடுத்துச் செல்லும்படியாக, வாங்க நினைக்கிறேன். விளம்பரங்கள் எல்லாம் வேகத்தையும், ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தையும்தான் சொல்கின்றன. நான் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதில்: தனியாகப் போய் வருபவர் என்பதால், ஸ்கூட்டரை டிக்கியிலிருந்து இறக்கி, ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்து, திரும்பும்போது மறுபடியும் ஏற்றிவைக்க உங்கள் மூச்சு இடம் கொடுக்குமா என்பதையே எல்லாவற்றுக்கும் முதலில் பாருங்கள். இருக்கையில் அமர்ந்து ஓட்டத் தொடங்கிய பிறகு உடலுக்கு அதிக வேலை கிடையாது. சிரமம் முழுவதும் அதற்கு முந்தைய சில நிமிடங்களிலும் பிந்தைய சில நிமிடங்களிலும்தான் இருக்கிறது. அந்த நிமிடங்களைப் பற்றி விளம்பரங்களில் ஒரு வரிகூட இராது.

எடுத்துச் செல்லும் ஸ்கூட்டர்கள் பொதுவாக இரண்டு வகை. பிரித்தெடுக்கும் வகையில் இருக்கை, பேட்டரிப் பெட்டி, முன்பகுதி, மோட்டாருடன் கூடிய பின்பகுதி என்று நான்கைந்து துண்டுகள் தனித்தனியாகக் கழன்று வரும். மடிக்கும் வகை முழுவதுமாக மடிந்து, பயணப்பெட்டியைப் போல உருட்டிச் செல்லும்படி இருக்கும். பார்த்தவுடன் மடிக்கும் வகையே எளிது என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான மடிப்பு ஸ்கூட்டர்கள் பேட்டரியைக் கழற்றிய பின்பும் 20 முதல் 30 கிலோ வரை எடையுள்ளவை. அந்த எடையை ஒரே தூக்கில் டிக்கியின் விளிம்புக்கு மேல் கொண்டுபோக வேண்டும். பிரித்தெடுக்கும் வகையில் மிகக் கனமான துண்டு பெரும்பாலும் 12 முதல் 18 கிலோவுக்குள் அடங்கிவிடும், ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே நின்று இளைப்பாறவும் செய்யலாம். ஆனால் நான்கைந்து தடவை குனிந்து நிமிர வேண்டும். ஆகவே விற்பனையாளரிடம் மொத்த எடையைக் கேட்பதோடு நின்றுவிடாமல், ஒரே தடவையில் நீங்கள் தூக்க வேண்டிய அதிகபட்ச எடை எவ்வளவு, மொத்தம் எத்தனை தடவை குனிய வேண்டும் என்ற இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குனிவதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. சிஓபிடி உள்ளவரின் நுரையீரலில் காற்று தேங்கி உப்பியிருப்பதால், மூச்சுக்கு அடிப்படையான, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசை ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டுத் தட்டையாகியிருக்கும். குனியும்போது வயிறு அதைக் கீழிருந்து அழுத்துகிறது. கைகளை உயர்த்தி வேலை செய்யும்போதோ, மூச்சுக்குத் துணைநிற்கும் கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் கைகளைத் தாங்கும் வேலைக்குப் போய்விடுகின்றன. போதாததற்கு, பாரம் தூக்கும்போது நம்மில் பலரும் நம்மை அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கிறோம். ஸ்கூட்டரை டிக்கியில் ஏற்றும் வேலையில் இந்த மூன்றும் ஒன்றாக வந்து சேர்கின்றன. தரையை ஒட்டியிருக்கும் மடிப்பு நெம்புகோலைத் தேடிக் குனிந்து, அதைக் காலால் மிதிப்பதா கையால் இழுப்பதா என்று தடுமாறி, பின்பு முன்னும் பின்னுமாக இரு கைகளால் பிடித்துத் தூக்கி, விளிம்பைத் தாண்டியதும் உள்ளே தள்ளுவதற்காகக் கைகளை நீட்டும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலருக்கும் மூச்சு முட்டிப்போகிறது. நெம்புகோல் முழங்கால் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கும் வண்டியும், தூக்குவதற்கென்றே உறுதியான கைப்பிடி வைத்த வண்டியும் இதனால்தான் உங்களுக்குக் கூடுதல் மதிப்புள்ளவை.

பொத்தானை அழுத்தினால் தானே மடிந்து தானே விரியும் ஸ்கூட்டர்களை நோக்கி உங்கள் மனம் போகக்கூடும். மடிக்கும் வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. ஆனால் அதற்கான கூடுதல் மோட்டாரின் எடையும் வண்டியோடு சேர்ந்துவிடுவதால், தூக்கும் வேலை கடினமாகிறது. காரில் ஏற்றி இறக்கத் துணையாக யாராவது எப்போதும் உடன் வருவார்கள் என்றால் மட்டுமே அந்த வகையை நான் பரிந்துரைப்பேன்.

கடையில் விற்பனையாளர் மடித்துக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். அவருடைய நுரையீரல் வேறு, உங்களுடையது வேறு. உங்கள் காரையே கடைக்குக் கொண்டுபோய், இறக்குதல், விரித்தல், சிறிது ஓட்டுதல், மடித்தல், ஏற்றுதல் ஆகிய அனைத்தையும் நீங்களே உங்கள் வேகத்தில் செய்து பாருங்கள். தூக்கும் கணத்தில் உதடுகளைக் குவித்து மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருந்தால் தொடங்கும் முன்பும், முடித்தவுடனும், ஓரிரு நிமிடம் கழித்தும் விரலில் மாட்டிப் பாருங்கள். மருத்துவர் உங்களுக்குச் சொல்லியிருக்கும் அளவுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினாலோ, இயல்பான மூச்சு திரும்ப நெடுநேரம் ஆனாலோ, அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கானது அல்ல. வெளியே போய்க் களைத்துத் திரும்பும் வேளையிலும் இதே வேலையைச் செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எந்த வண்டியும் ஒத்துவரவில்லை என்றால், ஸ்கூட்டரை டிக்கிக்குள் தானே தூக்கிவைக்கும் சிறிய மின்தூக்கியைக் காரில் பொருத்திக்கொள்ளும் வழி உண்டு. செலவு கூடும், ஆனால் அதற்குப் பிறகு எடையைப் பற்றிய கவலை பெருமளவு குறைந்து, வசதியான இருக்கையுள்ள வண்டியையே தேர்ந்தெடுக்கலாம். சாய்பலகை வைத்து ஏற்றுவதை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் வண்டியை மேலே தள்ளுவதும் தூக்குவதற்கு இணையான உழைப்புதான்.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். தயாரிப்பாளர் குறிப்பிடும் தூரம் புதிய பேட்டரி, சமதரை, அதிக எடையில்லாத ஓட்டுநர் என்ற கணக்கில் வருவது. அதில் பாதியை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள். மூச்சுத் திணறல் இல்லாதவர் வழியில் சார்ஜ் தீர்ந்தால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். உங்களால் அது இயலாது.

கேள்வி: என் தந்தை நாள் முழுவதும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்பவர். வெளியே போகும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜனைச் செறிவாக்கித் தரும் கையடக்க ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரைப் பயன்படுத்துகிறார். அதை ஸ்கூட்டரில் எங்கே வைப்பது? ஆபத்து ஏதேனும் உண்டா?

பதில்: கையடக்கக் கான்சென்ட்ரேட்டர்கள் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோ எடைதான் என்பதால் முன்கூடையில் வைக்கலாம், அல்லது இருக்கையின் பின்புறம் மாட்டலாம். முன்கூடையே நல்லது என்பது என் கருத்து. கருவியின் திரையும் எச்சரிக்கை விளக்கும் அவருடைய கண்முன் இருக்கும், குழாயும் பின்சக்கரத்தின் பக்கம் போகாது. கூடையின் எடை வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்; சில சிறிய ஸ்கூட்டர்களின் கூடை மிகக் குறைந்த எடையையே தாங்கும். கருவி வெளிக்காற்றை இழுத்துத்தான் வேலை செய்கிறது. எனவே அதன் காற்றுத் துளைகளை மறைக்கும்படி துண்டையோ பையையோ மேலே போட்டுவிடக் கூடாது.

சிலிண்டர் என்றால் கணக்கு வேறு. அதற்கென்று தயாரிப்பாளர் தரும் தாங்கி இருக்கும் வண்டியை மட்டும் வாங்குங்கள். இருக்கையின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிவைத்தால், மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும் அபாயம் உண்டு. வண்டியின் எடைத் தாங்கும் திறனைப் பார்க்கும்போது தந்தையின் எடையோடு ஆக்சிஜன் கருவி, உதிரி பேட்டரி, கைப்பை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு, அதற்கு மேலும் சிறிது இடைவெளி இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

ஆக்சிஜன் தானாக எரிவதில்லை. ஆனால் அது செறிந்திருக்கும் இடத்தில் சிறு பொறிகூட வேகமாகத் தீயாகிவிடும், அணிந்திருக்கும் துணியிலும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆகவே புகைபிடிப்பவர்கள் அருகில் வரக் கூடாது. ஸ்கூட்டரின் பேட்டரியை அவர் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் அறையில் சார்ஜ் செய்யாமல், காற்றோட்டமுள்ள வேறு இடத்தில் செய்யுங்கள். பேட்டரி தனியாகக் கழன்று வரும் வண்டியில் இது எளிது. ஸ்கூட்டரில் உள்ள மின்துளையில் கான்சென்ட்ரேட்டரைச் செருகி ஓட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டு தயாரிப்பாளர்களும் எழுத்தில் அனுமதித்திருந்தால் ஒழிய அப்படிச் செய்ய வேண்டாம்.

கேள்வி: மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா? இருக்கை எப்படி இருக்க வேண்டும்?

பதில்: மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும், நான்கு சக்கர வண்டி மேடுபள்ளத்திலும் சரிவிலும் உறுதியாக நிற்கும். கட்டடங்களுக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் மூன்று சக்கரம் போதும், சாலையோர நடைபாதையில் ஓட்டுவதென்றால் நான்கையே எடுங்கள்.

இருக்கை விஷயத்தில் இதைவிட அதிகக் கவனம் வேண்டும். எடையைக் குறைப்பதற்காகப் பல மடிப்பு ஸ்கூட்டர்களில் முதுகுச்சாய்வைத் தாழ்வாக வைத்துவிடுகிறார்கள், கைதாங்கிகளை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். மூச்சு முட்டும்போது முன்னால் சற்றுச் சாய்ந்து, முன்கைகளை எதன்மீதாவது ஊன்றிக்கொண்டால் சுவாசம் எளிதாகிறது என்பதை மூச்சிரைப்பு உள்ள எவரும் அனுபவத்தில் அறிவார். தோள் தசைகள் விடுபட்டு மூச்சுக்கு உதவ வருவதே அதற்குக் காரணம். ஆகவே கைதாங்கியுள்ள இருக்கையையும், உயரத்தையும் சாய்வையும் மாற்றிக்கொள்ளக்கூடிய கைப்பிடித் தண்டையும் தேடுங்கள். கைகள் தோள் உயரத்துக்கு எழாமல், முழங்கைகள் உடலை ஒட்டி மடிந்திருக்கும் நிலையில் ஓட்ட முடிய வேண்டும். வண்டியை ஓட்டக் கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோலை விட்டவுடன் வண்டி தானாக நின்றுவிடுமா என்பதையும் பாருங்கள். திடீரென்று இருமல் வந்து கைகள் தளரும்போது அதுதான் பாதுகாப்பு. இருக்கையில் கால் மணி நேரமாவது தொடர்ந்து உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஸ்கூட்டர் வாங்கினால் நடப்பதையே விட்டுவிடுவேன், நுரையீரல் இன்னும் பலவீனமாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: அவர்களுடைய கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. நடையைக் குறைத்தால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைகள் அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கின்றன. அதனால் இரைப்பு கூடி, நடை இன்னும் குறைகிறது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் நடைக்கு முக்கிய இடம் கொடுப்பது இதனால்தான். ஆனால் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயத்தில் வீட்டைவிட்டே வெளியேறாமல் இருப்பவரும் நடப்பதில்லையே. நெடுந்தூரத்துக்கு ஸ்கூட்டர், போய்ச் சேர்ந்த இடத்தில் நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் எவ்வளவு நடக்க வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டு அந்த அளவை விடாமல் வைத்திருங்கள். சமதரையில் ஓரளவு நன்றாகவே நடக்க முடிகிறது, அவ்வப்போது உட்கார இடம்தான் வேண்டும் என்றால், இருக்கையுடன் கூடிய நான்கு சக்கர நடைவண்டியே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். அதை முதலில் முயன்று பாருங்கள்.

கேள்வி: விமானத்தில் கொண்டுபோக எந்த பேட்டரி உள்ள ஸ்கூட்டர் வாங்க வேண்டும்?

பதில்: கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி உள்ளதை வாங்குங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகளின்படி, இத்தகைய வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரி 300 வாட்-மணிக்குள் (பேட்டரி சேமிக்கும் மின்னாற்றலின் அளவு) இருக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளில் ஓடும் வண்டி என்றால் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். கழற்றிய பேட்டரியைப் பயணிகள் அறையில் உங்களுடனேயே வைத்திருக்க வேண்டும். பேட்டரியின் மேல் வாட்-மணி அச்சிடப்படவில்லை என்றால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைத்துவிடும்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. அதே வண்டியின் பெரிய பேட்டரி இந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், கூடுதல் தூரத்துக்கு ஆசைப்பட்டு அதை வாங்கும் முன் யோசியுங்கள். விமான நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை; பல நிறுவனங்கள் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே தகவல் கேட்கின்றன. விமான அறையில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், அதனால் தரையில் ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கும் அங்கே தேவைப்படலாம். பயணச்சீட்டு எடுக்கும் முன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பயன்படுத்திய ஸ்கூட்டர் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வண்டியை வாங்கலாம், பேட்டரியை நம்பக் கூடாது. ஈய-அமில பேட்டரி சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்திருந்தால் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். புதிய பேட்டரியின் விலையைக் கேட்டு, அதைக் கூட்டிய பிறகு புதிய வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். அந்த மாடலுக்கு உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பதையும், சார்ஜர் அந்த வண்டிக்கே உரியதுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மடிப்பு மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். புதியதோ பழையதோ, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் பயன்படுத்திப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனை ரசீதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.