மாமியாரையும் கூட்டிக்கொண்டு வியட்நாம் போகலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவனோடு வேலை செய்யும் வியட்நாம் நண்பர், 2027 பிப்ரவரியில் வரும் அவர்கள் புத்தாண்டுக்காகச் சொந்த ஊரான ஹனோய்க்குப் போகிறார். "குடும்பத்தோடு வா, எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட வேண்டும்" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். நான், கணவர், மகன், 76 வயது மாமியார் என நாலு பேர். மாமனார் தவறி, தலை திவசம் முடிந்துவிட்டது. மாமியாருக்கும் ஒரு மாறுதலாக இருக்கட்டுமே என்று நினைக்கிறோம். டிராவல்ஸில் 8 நாளில் 11 இடம் என்று பட்டியல் தந்திருக்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். அந்த ஊர் வழக்கத்துக்கு மாறாக எதையும் செய்துவிடாமல், யார் மனமும் நோகாமல் போய்வர வழி சொல்லுங்கள்.
— வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புச் சகோதரி,

டிராவல்ஸ் கொடுத்த பட்டியலை முதலில் மடித்து ஓரமாக வையுங்கள். 8 நாளில் 11 இடம் என்றால் வேனிலிருந்து இறங்கி, படம் எடுத்து, திரும்ப ஏறத்தான் நேரம் இருக்கும். வெளியூரில் நாம் பண்ணுகிற மரியாதைக் குறைவெல்லாம் பெரும்பாலும் அவசரத்தில் வருவது. செருப்பைக் கழற்ற நேரமில்லை, பெரியவர் உட்காரும்வரை காத்திருக்க நேரமில்லை, படம் எடுக்கலாமா என்று கேட்க நேரமில்லை. முதல் தடவை நானும் ஒரு குழுவோடு அப்படித்தான் ஓடினேன். இரண்டாம் தடவை மூன்றே ஊர்களோடு நிறுத்திக்கொண்டேன். அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன்: தெற்கே சைகோன் (இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர்), நடுவே ஹோய் ஆன், வடக்கே ஹனோய்.

இந்த வரிசையில் போவதற்குக் காரணம் அவர்களுடைய புத்தாண்டு. 'தெட்' என்று சொல்வார்கள். 2027-இல் அது பிப்ரவரி 6-ஆம் தேதி, சனிக்கிழமை. அன்றைக்கு யார் வீட்டுக்கும் அழைப்பில்லாமல் போகவே கூடாது. வருஷத்தின் முதல் நாள் முதலில் வாசற்படி ஏறுகிறவரைப் பொறுத்துத்தான் அந்த வீட்டின் வருஷம் முழுக்க நடக்கும் என்பது நம்பிக்கை. அதற்கென்று ராசி, குணம் எல்லாம் பார்த்து ஒருவரை வரச்சொல்வார்கள். அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு: முதல் நாள் தெட் அப்பாவுக்கு, இரண்டாம் நாள் அம்மாவுக்கு, மூன்றாம் நாள் வாத்தியாருக்கு. பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக ஆசிரியரை நிறுத்துகிற ஊர் அது. நீங்கள் ஆசிரியை என்பதை மகன் நண்பரிடம் மறக்காமல் சொல்லட்டும், அந்த வீட்டில் உங்களுக்கு அதற்கென்றே தனி மதிப்பு இருக்கும்.

ஆகவே நாலாம் நாள், அதாவது பிப்ரவரி 9 வாக்கில் சைகோனில் போய் இறங்குங்கள். இரண்டு நாள் அங்கே, மூன்று நாள் ஹோய் ஆனில், அப்புறம் கடைசி மூன்று நாள் ஹனோயில். நீங்கள் ஹனோய் சேரும்போது முதல் நாட்களின் நெருக்கடி அடங்கி, கடைகள் திறந்து, வீட்டுக்காரர்களும் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு ஊர் விமானத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான், ஹோய் ஆனுக்கு மட்டும் பக்கத்து ஊரான டா நாங்கில் இறங்கி காரில் போக வேண்டும். பண்டிகைக் காலமாதலால் டிக்கெட்டை மட்டும் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். விசாவும் அப்படித்தான். இந்தியர்களுக்கு 90 நாள் வரைக்குமான இ-விசா கிடைக்கிறது, ஒருமுறை போய்வர 25 டாலர். தெட் சமயத்தில் அலுவலகங்கள் ஒரு வாரம்போல மூடிக்கிடக்கும், ஜனவரி முதல் பாதியிலேயே அந்த அரசாங்கத்தின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே. இனிஷியலை விரித்து எழுதுவதிலும், குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பதிலும்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வருகிறது.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்காத ஒன்று. மாமனார் தவறிய விஷயத்தை நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். நமக்குத் தலை திவசத்தோடு தீட்டு கழிந்தது. அங்கே பழைய கணக்கில் பெற்றவர்களுக்கான துக்கம் மூன்றாம் வருஷம் வரை நீளும், துக்கத்தில் இருக்கிறவர்கள் தெட் சமயத்தில் அடுத்தவர் வீட்டுக்குப் போகாமல் ஒதுங்கி இருப்பார்கள். இன்றைக்கு எல்லாரும் அப்படிப் பார்ப்பதில்லை. "பரவாயில்லை, வாருங்கள்" என்று சொல்லவே வாய்ப்பு அதிகம். அந்த நாட்களைத் தள்ளி இன்னொரு தேதி சொன்னாலும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவை அவர்கள் கையில் விடுவதுதான் இதில் மரியாதை.

மாமியாரைக் கூட்டிப்போகிறோமே, பாரமாகிவிடுமோ என்று ஒரு தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயதானவர்கள் கூட வந்தால் அங்கே எல்லாக் கதவும் சற்று அகலமாகத் திறக்கும். அவர்கள் மொழியில் நான், நீ என்று பொதுவாகச் சொல்ல வழியே கிடையாது என்று சொல்லலாம். அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா, பாட்டி என்று முறை வைத்துத்தான் பேச்சே. அதனால் பார்த்த இரண்டாம் நிமிஷமே "உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்பார்கள். எந்த முறையில் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள், தயங்காமல் சொல்லிவிடுங்கள். மாமியாரை 'பா' என்பார்கள், பாட்டி என்று அர்த்தம்.

ஹனோயில் ஒரு வீட்டில் நான் சாப்பிட்டது கண் முன்னே நிற்கிறது. தரையில் பாய், நடுவே வட்டத் தட்டில் கிண்ணங்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் யாரும் கை வைக்கவில்லை. ஆறு வயதுப் பையன் ஒருவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "பாட்டி சாப்பிடுங்கள், அப்பா சாப்பிடுங்கள், அம்மா சாப்பிடுங்கள்" என்று வயது வரிசைப்படி ஒவ்வொருவரையும் அழைத்தான். என் முறை வந்ததும் என்ன முறை சொல்வது என்று அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் காதில் ஏதோ சொன்னாள், எனக்கும் ஓர் உறவுப் பெயர் கிடைத்தது. பாட்டி குச்சியை எடுத்த பிறகுதான் சாப்பாடு ஆரம்பித்தது. மாமியாரும் அந்த வீட்டுப் பெரியவர்களும் ஆரம்பிக்கும் முன் நீங்கள் தொடாதீர்கள், அது போதும். குச்சியால் சாப்பிட வராவிட்டால் கரண்டி கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சோற்றுக் கிண்ணத்தில் மட்டும் குச்சியை நேராகக் குத்தி நிறுத்திவிடாதீர்கள். இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில் அப்படித்தான் நிறுத்துவார்கள், ஊதுவத்தி மாதிரி. எது கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையாலும். யார் தலையையும், குழந்தை தலையாகவே இருந்தாலும், தொட வேண்டாம்.

அந்த வீட்டில் நீங்கள் முதலில் பார்க்கப்போவது முன்னோர்களின் மாடம். உயரத்தில், கூடத்தின் நல்ல இடத்தில், இறந்தவர்களின் படங்களோடு, ஊதுவத்திக் கிண்ணம், பழத்தட்டு எல்லாம் வைத்து இருக்கும். இறந்த திதியை அவர்களும் சந்திரக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். அன்றைக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடிச் சாப்பிடுவார்கள். மாமியாருக்கு இதை யாரும் விளக்கவே தேவையிருக்காது. மாடத்துக்குக் கால் நீட்டி உட்கார வேண்டாம், அதிலிருக்கும் எதையும் தொட வேண்டாம், படம் பிடிக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு. ஊதுவத்தி ஏற்ற அழைத்தால் மாமியார் ஏற்றட்டும், எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கும். அந்தப் படங்களில் ராணுவ உடுப்பில் ஓர் இளைஞன் இருக்கலாம். 1975 ஏப்ரல் 30-இல் முடிந்த அந்தப் போரை நாம் வியட்நாம் போர் என்கிறோம், அங்கே அதற்கு அமெரிக்கப் போர் என்று பெயர். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் துருவ வேண்டாம். மகன் சைகோனில் போர் அருங்காட்சியகம், கூச்சி சுரங்கம் என்று ஆசைப்படுவான். போகட்டும். துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம், ஆனால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சைவத்துக்கு அங்கே 'சாய்' என்று பேர். பௌத்தர்கள் நிறையப் பேர் முதல் திதியிலும் பௌர்ணமியிலும் சாய் சாப்பிடுவதால் அது விரதம், நேர்த்தி என்றே புரிந்துகொள்ளப்படும். கோவிலை ஒட்டிய சாய் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காமல் சமைக்கும் வழக்கம் உண்டு, மாமியாருக்கு வசதி. சாதாரணக் கடையில் வெறும் கீரை வதக்கல் என்றாலும் மீன் சாறு விட்டிருப்பார்கள். தெட்டின் முக்கியப் பண்டம் 'பான் சுங்', இலையில் கட்டி மணிக்கணக்கில் வேகவைத்த பசையரிசிக் கட்டி. உள்ளே பாசிப்பருப்போடு பன்றி இறைச்சியும் இருக்கும். சாய் முறையிலும் செய்வார்கள். இரண்டு வாரம் முன்பே சொன்னால் உங்களுக்கென்று ஒன்று கட்டிவைப்பார்கள். இலை எதிரில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமைத்தவளுக்குத்தான் சங்கடம்.

ஹோய் ஆனில் கடைத்தெரு உங்களை இழுக்கும். ஒன்று சொல்கிறேன், எனக்கு இன்றுவரை உறுத்துகிற விஷயம். காலையில் கடை திறந்த கையோடு ஒரு பட்டு விளக்குக்கு நான் விடாப்பிடியாக விலை பேசி, கடைசியில் வாங்காமல் நகர்ந்துவிட்டேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொளுத்திக் கடைச் சாமான்களுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அங்கேயும் போணி உண்டு. முதல் வியாபாரம் கெட்டால் அன்றைய நாளே கெட்டது என்று அந்தக் கெட்டதை எரித்து விரட்டுகிறார்கள். போணி என்றால் என்னவென்று தெரிந்த ஊரிலிருந்து போய் நான் அதைச் செய்திருக்கக் கூடாது. பேரம் பேசுவதில் தப்பில்லை, பத்து மணிக்கு மேல் சிரித்த முகத்தோடு பேசுங்கள். அப்படியே நோட்டையும் பார்த்துக் கொடுங்கள். 20,000 டோங்கும் 500,000 டோங்கும் இரண்டுமே நீல நிறம்.

ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரத்தில் மீ சோன். அந்நாளில் நடு வியட்நாமை ஆண்ட சாம்பா மன்னர்கள் நாலாம் நூற்றாண்டு தொட்டு பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்குக் கட்டிய கோவில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரமே போய்விட்டது. நம் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020-இல் ஒன்பதாம் நூற்றாண்டு மணற்கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. மாமியாருக்குக் கண் கலங்கும். ஆனாலும் கற்பூரமோ விபூதியோ கைப்பையில் கொண்டுபோக வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம், நின்று கைகூப்பினால் போதும்.

சாமி கும்பிட வேண்டுமென்றால் சைகோனில் மாரியம்மன் இருக்கிறாள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே போன நம்மவர்கள் கட்டிய கோவில். இன்றைக்கு அங்கே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாம் மக்கள்தான். கொத்துக்கொத்தாக ஊதுவத்தி ஏற்றுவார்கள், கருவறையின் பின்சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு வேண்டுவார்கள். "நம்ம முறை இப்படி இல்லையே" என்று யாரையும் திருத்தப் போகாதீர்கள். இத்தனை காலமாக அவளுக்கு விளக்கேற்றி வருகிறவர்கள் அவர்கள்.

ஹனோயில் மற்றதெல்லாம் சுலபம். ஹோ சி மின் சமாதி காலையில் மட்டும், திங்களும் வெள்ளியும் கிடையாது. தோளும் முழங்காலும் மூடிய உடை, உள்ளே தொப்பி, பேச்சு, படம் எதுவும் கூடாது, பேண்ட் பாக்கெட்டில் கை விட்டுக்கொண்டு நடக்கவும் கூடாது. கணவரிடமும் மகனிடமும் இதைச் சொல்லிவையுங்கள். 1070-இல் எழுந்த இலக்கியக் கோவிலில் ஆமைகள் முதுகில் தாங்கிய 82 கல்வெட்டுகள் இருக்கின்றன, அந்நாளைய அரசுத் தேர்வில் தேர்ச்சி பெற்ற அறிஞர்களின் பெயர்கள். ஓர் ஆசிரியையான நீங்கள் அங்கே அரைநாள் இருக்க வேண்டும். பரீட்சைக்கு வேண்டிக்கொண்டு மாணவர்கள் ஆமைத்தலையைத் தடவித் தடவித் தேய்ந்துபோய், இப்போது வேலி போட்டிருக்கிறார்கள். பிப்ரவரியில் அங்கே தூறலும் குளிருமாக இருக்கும், மாமியாருக்கு ஸ்வெட்டரும் கம்பளிச் சால்வையும் கட்டாயம். அவர் இடுப்பு ஒத்துழைத்தால் ஒரு நாள் ஹாலோங் விரிகுடாவுக்குப் படகில் சுற்றிவரப் போங்கள், இல்லையென்றால் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஊரைப் பாருங்கள்.

விருந்துக்குப் போகும்போது என்ன கொண்டுபோவது? கத்தி, கத்தரிக்கோல், கைக்குட்டை, கறுப்புக் காகிதம் சுற்றியது எதுவும் வேண்டாம். காபி அவர்களுக்கும் உயிர், அவர்களும் பில்டரில்தான் இறக்குகிறார்கள், அதனால் உங்கள் ஊர்க் காபிப்பொடி ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமியார் கையால் சிவப்பு உறையில் புது நோட்டு. இன்னொன்று, கும்பகோணம் வெற்றிலையைப் பையில் வைத்துவிடாதீர்கள், விமான நிலையத்தில் பச்சை இலைக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம். ஹனோய்ச் சந்தையிலேயே வெற்றிலையும் பாக்கும் விற்கிறார்கள், முன்னோர்களுக்குப் படைக்க. "வெற்றிலைதான் பேச்சின் தொடக்கம்" என்பது அவர்கள் பழமொழி. கொஞ்சம் வாங்கி, பழத்தோடு தட்டில் வைத்து மாமியார் இரண்டு கையாலும் நீட்டட்டும். வாங்கியவர்கள் பிரித்துப் பார்க்காமல் நேரே கொண்டுபோய் மாடத்தில் வைத்தால், சரியாகத்தான் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.