300 எம்பிபிஎஸ் (Mbps) இன்டர்நெட் பிளான், லேன் கேபிளில் மட்டும் 95-ஐத் தாண்டவில்லை, ஏன்?

95-இல் முட்டி நின்றாலே பாதி விடை வந்துவிட்டது: லிங்க் ஸ்பீட் 100-க்கு இறங்கியிருக்கிறது. லிங்க் ஸ்பீட் என்பது கம்ப்யூட்டரும் ரௌட்டரும் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்ட வேகம், நீங்கள் கட்டும் பிளானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

லேன் கேபிளுக்குள் எட்டு கம்பி, நாலு ஜோடி. 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். பெரும்பாலும் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ விட்டுப்போயிருக்கும்; ஆரஞ்சும் பச்சையும் உயிரோடு இருப்பதால் நெட் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. நாலு பேர் தூக்கிவந்த கட்டிலில் ஒருவர் கையை விட்டால் மீதி மூன்று பேர் அதையே சுமப்பதில்லை, கட்டிலை வைத்துவிட்டு இருவர் தூக்கும் பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கதைதான்.

கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் என்றால் நான் முதலில் கேபிள் முனையில் இருக்கும் கனெக்டரைத்தான் கழற்றிப் பார்ப்பேன். உப்புக்காற்றில் அந்தக் குட்டிப் பித்தளை நிறப் பற்கள் பச்சை பூத்துக் கிடக்கும். கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கிரிம்ப் செய்தால் (கருவியால் அழுத்திப் பொருத்தினால்) பல நேரம் சரியாகிவிடும். அதற்கு முன்னால் வேறு கேபிள் மாட்டிப் பாருங்கள், அப்புறம் ரௌட்டரில் வேறு போர்ட். சில மலிவு ரௌட்டர்களின் போர்ட்டே 100-தான், அதற்குக் கேபிளைத் திட்டிப் பயனில்லை.

போர்ட்டில் லைட் எரிகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள்; இரண்டு ஜோடி பிழைத்திருந்தாலே அந்த லைட் எரியும்.