கெல்சோ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகனைப் பார்க்க கலிஃபோர்னியா போயிருந்தபோது மொஹாவி பாலைவனத்தில் கெல்சோ ரயில் நிலையத்தைப் பார்த்தேன். ஆளில்லாத இடத்தில் மாளிகை மாதிரி ஒரு கட்டடம். மனசு கலங்கிவிட்டது. இரும்புச் சுரங்கம் மூடியதால் ஊர் அழிந்ததா, தண்ணீர் வற்றியதாலா? தொப்பிக்குள் சீட்டுக் குலுக்கிப் பெயர் வைத்தார்களாமே?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கலங்கியது நல்ல மனசு. ஆனால் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டீர்களே! வடகிழக்கே தண்டவாளம் ஏறிப் போவதைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

சீட்டுக் குலுக்கியதாகத்தான் சொல்கிறார்கள், இருக்கட்டும். தண்ணீர் வற்றவில்லை.

கெல்சோவிலிருந்து மேட்டின் உச்சியிலுள்ள சீமா வரை ஏறத்தாழ 30 கி.மீ. அதற்குள் தண்டவாளம் 2,000 அடி ஏறுகிறது, செங்குத்தான இடங்களில் 100 அடிக்கு 2.2 அடி. சமதளத்தில் ஒரு டன்னை உருட்ட இரண்டு மூன்று கிலோ இழுவிசை போதும். இந்த ஏற்றத்தில் அதோடு இன்னும் 22 கிலோ வேண்டும். ஆயிரம் டன் ரயிலுக்குக் கணக்குப் போடுங்கள்: 24 டன். அந்தக் காலத்துப் பெரிய சரக்கு எஞ்சின் ஒன்றின் முழு பலமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே துணை எஞ்சின், நம் ரயில்வேக்காரர்கள் சொல்லும் 'பேங்கர்', கட்டாயம். 1905-இல் பாதை திறந்தபோதே கெல்சோ அதற்கான இடம்.

நீராவி எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர், தனி ஃபயர்மேன். சீமா வரை ஏற்றிவிட்டு வெறும் எஞ்சினாக இறங்கி வந்து, தண்ணீர் பிடித்து, அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவனுக்குச் சோறும் கட்டிலும் வேண்டாமா? 1924-இல் திறந்த உங்கள் மாளிகையில் பயணிகள் கூடத்தோடு ஊழியர் அறைகளும் உணவகமும் இருந்தது அதனால்தான்.

சுரங்கம் மூடியதும் ஊர் போயிற்று என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்கள், நீங்களுமா? அந்த இரும்புச் சுரங்கம், வல்கன், 1942-இல் போருக்காக வந்தது, சில ஆண்டுகளில் போயிற்று. கூட்டம் வந்தது, கலைந்தது. ஊரின் ஆணிவேரைப் பிடுங்கியது டீசல். நான்கு டீசல் எஞ்சின்களைச் சேர்த்துக் கட்டினாலும் முன்னால் ஒரே குழு போதும், வழியில் தண்ணீரும் வேண்டாம். 1950-களின் முடிவில் பேங்கருக்கு வேலையில்லை. அதற்குப் பிறகும் 1985 வரை நிலையத்தை மூடாமல் வைத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 2005-இல் பார்வையாளர் மையமாக்கினார்கள்.

டீசல் வந்ததால் ஏற்றம் குறைந்துவிடவில்லை. இறங்கும்போது பிரேக்கை அளவுக்கு மேல் பிடித்தால் சக்கரம் சூடேறும், பிரேக் கட்டை பிடிப்பிழக்கும், பிறகு எதுவும் நிறுத்தாது. 1980 நவம்பரில் ஸ்லீப்பர் கட்டைகள் ஏற்றிய ரயிலொன்றின் எடையைக் குறைவாகக் கணக்கிட்டுச் சீமாவிலிருந்து இறக்கினார்கள். பிரேக் தாங்கவில்லை. முன்னால் போன சரக்கு ரயிலின் பின்புறத்தில் மோதியது. மூன்று ஊழியர்கள் செத்துப்போனார்கள்.