மேஸ்திரி கணக்கு: எவ்ளோ குடுக்கணும், எதை நிறுத்தி வெக்கலாம்?

கேள்வி: அக்கா, எங்க வீடு மாமனார் கட்டின பழைய கான்கிரீட் வீடு. மாடி ஒழுகுதுன்னு தட்டோடு பேத்துட்டு புதுசா போட, உள்ள சீலிங்ல உதிர்ந்த இடத்தை பூசித் தர, மெட்டீரியலோட 85,000னு மேஸ்திரிகிட்ட பேசினோம். வாய்ப்பேச்சுதான், எழுதிக்கல. 60,000 குடுத்தாச்சு. இப்போ பாக்கி 25,000 போக இன்னும் 20,000 கேக்குறாரு, கம்பி துருப்பிடிச்சிருந்துச்சு, பேத்த குப்பையை எடுக்க வண்டி எக்ஸ்ட்ராங்குறாரு. ஆனா முதல் மழைக்கே ஒரு மூலையில சொட்டுது. எங்க வீட்டுக்காரர் ஒரு பைசா தர மாட்டேன்னு மேஸ்திரியோட ட்ரில் மெஷின், சாரக்கட்டை, பாண்டு எல்லாத்தையும் உள்ள வெச்சு பூட்டிட்டாரு. அவரு ஆளுங்களோட வந்து வாசல்ல நின்னு கத்துறாரு. என்ன பண்றது?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதல்ல அந்த சாமானை திருப்பிக் குடுத்துடுங்கம்மா, இன்னைக்கே. பக்கத்து வீட்டுக்காரங்க யாரையாவது நிக்க வெச்சு, ஒரு போட்டோ எடுத்துட்டு குடுங்க. அந்த மெஷின் இல்லன்னா அவருக்கு அடுத்த வேலை ஓடாது, கோவம் பாதி அதுலதான் இருக்கும். அதோட அவரு ஸ்டேஷனுக்குப் போய் என் பொருளை புடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொன்னா நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் நீங்கதான் பதில் சொல்லிட்டு நிக்கணும்.

அடுத்தது, "ஒரு பைசா தர மாட்டேன்"ங்கறதை உங்க வீட்டுக்காரர் விட்டுடணும். செஞ்ச வேலைக்கு காசு குடுத்தே ஆகணும், சரியில்லாத வேலைக்கு மட்டும் நிறுத்தி வெக்கலாம், இந்த ரெண்டையும் பிரிச்சாதான் உங்க பேச்சு எங்கேயும் எடுபடும். டேப் வெச்சு மாடியை அளந்து எத்தனை சதுர அடி போட்டிருக்காருன்னு எழுதுங்க, சிமெண்ட் மூட்டை பில்லை கேளுங்க. எக்ஸ்ட்ராவை ஒண்ணொண்ணா பாருங்க. குப்பை வண்டி போனதை நீங்க பாத்துட்டு சும்மா இருந்தீங்கன்னா அந்த வாடகையை குடுக்கறதுதான் முறை. 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துல 70வது பிரிவு இதைத்தான் சொல்லுது, இனாமா செய்யற எண்ணம் இல்லாம ஒருத்தர் உங்களுக்கு ஒரு வேலை செஞ்சு, அதோட பலனை நீங்க அனுபவிச்சா அதுக்கு ஈடு குடுக்கணும். அதனால "நான் எழுதிக் குடுத்தேனா"ன்னு கேட்டு தப்பிக்க முடியாது.

கம்பி விஷயத்துல அவரு பொய் சொல்றாருன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. நம்ம பக்கம் கடல் காத்து உப்பு ஏறி, பழைய வீட்டு கம்பி துருப்பிடிச்சு உப்பிடும், அது உப்பும்போதுதான் கான்கிரீட்டை தள்ளி பெயர்த்து விடுது, சீலிங் உதிர்றது பெரும்பாலும் இதனாலதான். ஆனா அவரு என்ன செஞ்சாருங்கறது வேற கேள்வி. கம்பி பிரஷ் போட்டு துருவை தேய்ச்சு எடுத்தாரா, துருப்பிடிக்காத பெயிண்ட் அடிச்சாரா, இல்ல துரு மேலயே கலவையை அப்பிட்டாரா? போட்டோ இருக்கான்னு கேளுங்க. செஞ்சிருந்தா காசு குடுங்க, அப்பிட்டு போயிருந்தா அதுக்கு எக்ஸ்ட்ரா கேக்கவே அவருக்கு வாயில்ல.

சொட்டற மூலையை அவரை வெச்சுக்கிட்டே பாருங்க. மாடியில மழைத்தண்ணி பைப் வாயை துணி வெச்சு அடைச்சு, ரெண்டு இன்ச் தண்ணி கட்டி, 24 மணி நேரம் விட்டு கீழ எங்க ஈரம் ஏறுதுன்னு மார்க் பண்ணுங்க. (மரக்கட்டை உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்காரங்க தயவு செஞ்சு இதை செய்யாதீங்க, 100 சதுர அடியில ரெண்டு இன்ச் தண்ணி நின்னாலே சுமார் 470 கிலோ பாரம்.) கைப்பிடி சுவரும் தளமும் சேர்ற இடத்துலயோ பைப் வாயைச் சுத்தியோ ஒழுகினா அது சின்ன வேலைதான், அதை சரி பண்ணித் தர்றது அவர் பொறுப்பு. வாட்டமே இல்லாம தண்ணி குட்டையா நிக்குதுன்னா அது பெரிய பேச்சு.

நானா இருந்தா, பாக்கி 25,000ல 15,000ஐயும் நியாயமான எக்ஸ்ட்ராவையும் ஜிபேல குடுத்துட்டு, ஒழுகலுக்குன்னு 10,000ஐ நிறுத்தி வெச்சு, சரி பண்ணி ஒரு மழை தாங்கினதும் தர்றேன்னு வாட்ஸ்அப்ல எழுதிடுவேன். அவரு வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க.

அதுக்கும் மசியலன்னா, கணக்கை தமிழ்லயே ஒரு பக்கம் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, ஹைகோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரா போங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க இலவச சட்ட உதவி உண்டு. ரெண்டு பேரையும் கூப்ட்டு பேசுவாங்க, லோக் அதாலத்துல சமரசம் ஆச்சுன்னா அது சிவில் கோர்ட் தீர்ப்புக்கு சமம், கோர்ட் ஃபீஸும் கிடையாது. மொத்தமா பேசி விட்ட காண்ட்ராக்ட் வேலைங்கறதால நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், உங்களுக்கு சென்னை வடக்கு. 2 வருஷத்துக்குள்ள போகணும், வேலைக்கு குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் இல்ல. முதல்ல நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு கேட்டுக்கலாம். நாள் கூலிக்கு ஆள் வெச்சு நீங்களே நின்னு வேலை வாங்கியிருந்தா அந்த வழி கஷ்டம். பாக்கித் தகராறை போலீஸ் தீர்த்து வெக்காது, ஆனா மிரட்டினாலோ கதவை உதைச்சாலோ தயங்காம 100க்கு போன் பண்ணுங்க.

கேள்வி: யக்கா, நான் கொத்தனாரு. ராயபுரத்துல ஒரு வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசினேன், 12,000 பாக்கி. பூச்சுல வெடிப்பு வுட்டுச்சு, துட்டு தர முடியாதுன்றாரு. தண்ணி ஊத்த சொல்லி நான் சொன்னேன், அவங்க ஊத்தல. சித்தாளுக்கு நான் கைக்காசு போட்டு சம்பளம் குடுத்துட்டேன்.
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: தம்பி, உங்க கோவம் நியாயம். சித்தாளு சம்பளத்தை நீங்க நிறுத்தலயே, அதுக்கே உங்களை பாராட்டணும். புதுப் பூச்சுக்கு கொறஞ்சது ஏழு நாளாவது தண்ணி காட்டணும், வெயில் பக்கம் சுவர் காஞ்சுட்டா முடி மாதிரி வெடிப்பு வரத்தான் செய்யும். ஆனா தட்டிப் பாருங்க, கொட கொடன்னு சத்தம் வந்தா பூச்சு சுவரைப் பிடிக்கலன்னு அர்த்தம், அந்த இடத்தை நீங்கதான் பேத்து பூசணும். சத்தம் கெட்டியா இருந்தா உங்க கூலி உங்களுக்கு வந்தே ஆகணும். நீங்க வேலை செஞ்சு குடுத்தவரு, அதனால நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு இல்ல, ஆனா மேல சொன்ன சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்களுக்கும் திறந்திருக்கு, போங்க. கோர்ட்டுக்குப் போறதா இருந்தா வேலை முடிஞ்ச நாள்லேர்ந்து 3 வருஷம் டைம் இருக்கு. அதுக்குள்ள "12,000 பாக்கி இருக்கு சார், எப்போ தருவீங்க"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. "அடுத்த மாசம் பாக்கலாம்"னு அவரு பதில் போட்டாலே பாக்கி இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரிதான், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.