அமெரிக்காவில் வங்கியில் சில்லறை ரோல் வாங்கி வெள்ளிக் காசு தேடுகிறார்களாமே, வங்கிக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

கேள்வியில் இன்னும் இரண்டு விஷயங்களையும் கேட்டிருக்கிறீர்கள்: இது சட்டப்படி சரியா, நம் ஊரிலும் செய்ய முடியுமா. நான் ஓஹையோவில் இருக்கிறேன். சில வருடங்களாக இந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு என்பதால் பதில் எழுதுகிறேன்.

சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. நோட்டைக் கொடுத்து அதே மதிப்புக்குச் சில்லறை ரோல் (தாளில் உருளையாகச் சுற்றிய காசுக் கட்டு) வாங்குகிறோம், வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கிறோம், வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்பக் கட்டுகிறோம். போட்ட பணம் அப்படியே திரும்பிவிடும். வங்கிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் கிளைக்குக் கிளை மாறும். உண்மையில் கவுன்ட்டரில் இருப்பவருக்கு ஏற்ப மாறும்.

வங்கிச் சில்லறைக்குள் வெள்ளி எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1964 வரை அமெரிக்காவின் டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்), அரை டாலர் மூன்றும் 90 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏறி, நாணயத் தட்டுப்பாடும் வந்ததால் 1965இல் புதுச் சட்டம் போட்டு டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளியை அடியோடு எடுத்துவிட்டார்கள். அரை டாலரில் மட்டும் 40 சதவீதம் வைத்து 1970 வரை ஓட்டினார்கள். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி ஜான்சன், பழைய காசைப் பதுக்கினால் யாருக்கும் லாபம் வராது என்று வேறு சொன்னார். ஜனங்கள் கேட்பார்களா? சில வருடங்களிலேயே வெள்ளிக் காசு கண்ணில் படுவது அரிதாகிவிட்டது.

ஆனாலும் முழுசாகத் தீர்ந்துபோகவில்லை. 1950ஆம் வருடக் குவார்ட்டர் இன்றைக்கும் 25 சென்ட்டாகச் செல்லும். தாத்தா டப்பாவில் சேர்த்து வைத்ததை, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பேரன் கொண்டுபோய் வங்கியில் கட்டிவிடுகிறான். அது வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் காவல் வண்டிக் கம்பெனியின் கிடங்குக்குப் போய், புதுத் தாளில் சுற்றப்பட்டு, வேறு ஏதோ ஒரு கிளைக்கு ரோலாக வந்து சேருகிறது. நாம் காத்திருப்பது அந்த ரோலுக்குத்தான்.

இதில் எல்லோரும் முதலில் தேடுவது அரை டாலரை. ஒரு ரோலில் 20 காசு, 10 டாலர். ஒரு பெட்டியில் 50 ரோல், ஆக 500 டாலர். எடை பதினொரு கிலோவுக்கு மேல். தாளைப் பிரித்துக் காசுகளை ஒட்டி அடுக்கி விளிம்பைப் பார்த்தாலே போதும். புதுக் காசின் விளிம்பில் செம்புக் கோடு தெரியும். 1964உம் அதற்கு முந்தையதும் என்றால் விளிம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும். 40 சதவீதக் காசுதான் ஏமாற்றும். அதன் விளிம்பு மங்கலாக இருக்கும் என்பதால் வருடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 1964 அரை டாலரில் 11.25 கிராம் வெள்ளி இருக்கிறது, 1965 முதல் 1970 வரையுள்ளதில் 4.6 கிராம். வெறும் ஐம்பது சென்ட்டுக்கு அது கைக்கு வருகிறது என்றால் ஏன் இத்தனை பேர் பெட்டி தூக்குகிறார்கள் என்று புரியும். பல பெட்டிகளில் ஒன்றுகூட இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, வங்கி விஷயத்துக்கு வருகிறேன். வங்கிப் பக்கமிருந்து யோசித்தால் நம்மைப் போன்ற ஆள் ஒரு தொல்லை. கிளை சில்லறை வேண்டுமென்று சொன்னால் காவல் வண்டிக் கம்பெனி கொண்டுவந்து தரும், அதற்கு வங்கி கட்டணம் கட்ட வேண்டும். நாம் திரும்பக் கட்டும் காசை எண்ண வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கும் செலவு. நம்மால் அவர்களுக்கு ஒரு சென்ட் வருமானம் கிடையாது. அரை டாலர் இன்னும் மோசம். அமெரிக்காவில் கடைக்காரர்கள் அதைக் கேட்பதே இல்லை. 2002 முதல் 2020 வரை சேகரிப்பவர்களுக்கு விற்க மட்டுமே அதை அச்சடித்தார்கள், பொதுப் புழக்கத்துக்கு விடவில்லை. அப்படிப்பட்ட காசைப் பெட்டியாக வரவழைத்துவிட்டு, அதே கிளையில் கொண்டுபோய்க் கொட்டினால் அவர்கள் அதை யார் தலையில் கட்டுவது?

அதனால் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் வாங்குகிற வங்கி ஒன்று, கொட்டுகிற வங்கி ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்வார்கள். நாம் கொட்டியதே அடுத்த முறை நமக்கு ரோலாக வந்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். சிலர் பார்த்து முடித்த காசில் மார்க்கரால் புள்ளி வைத்து விடுவார்கள். எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் பச்சைப் புள்ளி வைக்கிறார்; அந்தப் பெட்டி கிடைத்தால் பிரித்த உடனே மனசு விட்டுப் போகும்.

கணக்கே இல்லாத வங்கியில் கொண்டுபோய்க் கொட்டு, அவர்கள் கோபித்தால் நமக்கென்ன என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிக் கொட்டுபவர்களால்தான் அடுத்து வருகிறவனுக்கு வாசல் அடைபடுகிறது. நான் உறுப்பினராக இருக்கும் கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) வாடிக்கையாளரே பயன்படுத்தும் காசு எண்ணும் மெஷின் இருக்கிறது. அங்கே கொட்டினால் யாருக்கும் கூடுதல் வேலை இல்லை, மூட்டை நிறைந்தால் மாற்றுவதோடு சரி. மூட்டை நிறையப் போகிறதென்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சூப்பர் மார்க்கெட் மெஷினில் ரொக்கமாகக் கேட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பிடித்துக்கொள்வார்கள், அதனால் அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் அந்த மெஷின் ஏற்காமல் வெளியே தள்ளும் காசு விழும் தட்டை மட்டும் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பேன். உலோகம் வேறு என்பதால் வெள்ளிக் காசைச் சில சமயம் அது தள்ளிவிடும், கொட்டியவரும் அதைச் செல்லாக் காசு என்று நினைத்து விட்டுவிட்டுப் போயிருப்பார்.

வாங்குகிற வங்கியில் எனக்கு உண்மையான கணக்கு இருக்கிறது, சம்பளமும் அங்கேதான் விழுகிறது. பெட்டி கேட்கும்போது இது சும்மா பொழுதுபோக்கு, பழைய காசு தேடுகிறேன் என்று மறைக்காமல் சொல்லிவிட்டேன். இது மரியாதைக்காக மட்டும் அல்ல. ஒருவர் ரொக்கமாக எடுப்பதும் கட்டுவதுமாகவே இருந்தால் வங்கி சந்தேகப்படும். ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கைமாறினால் வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காகவே தொகையைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவது குற்றம். ஐந்நூறு டாலர் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. இருந்தாலும் என்ன செய்கிறோம் என்று கவுன்ட்டரில் தெரிந்திருப்பது நமக்கு நல்லது.

வெள்ளிக்கிழமை மாலையும் சம்பள நாளும் போகக் கூடாது. வரிசையில் ஆள் நிற்கும்போது கவுன்ட்டரிலேயே ரோலைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. வரவழைத்த பெட்டியை வந்தவுடன் எடுத்துவிட வேண்டும், வாரக்கணக்கில் அவர்கள் பெட்டகத்தில் கிடக்க விடக் கூடாது. பெரிய பெட்டியைவிட, “டிராயரில் அரை டாலர் ஏதாவது இருக்கா?” என்று கேட்டு வாங்குவதில் எனக்குச் சுவாரசியம் அதிகம். யாரோ வீட்டில் கையால் சுற்றிக் கொண்டுவந்து கட்டிய ரோல் இருந்தால் இன்னும் நல்லது. மெஷின் சுற்றிய ரோலைவிட அதில் பழைய காசு வர வாய்ப்பு கூடுதல். கவுன்ட்டரில் இருப்பவருக்கே இந்த ஆசை இருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அவர் தன் நோட்டைப் போட்டுவிட்டு வெள்ளியை முதலில் எடுத்துக்கொள்வார். நியாயம்தான், அவர்தானே நாள் முழுக்க அங்கே நிற்கிறார்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கதவு அடைபடும். கோவிட் சமயத்தில், 2020 ஜூனில், மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வே வங்கிகளுக்குத் தரும் சில்லறையை அளந்து கொடுக்க ஆரம்பித்தது. காசு வீடுகளிலேயே முடங்கிக் கிடந்ததுதான் பிரச்சினை. அப்போது நம்மைப் போன்றவர்கள் பெட்டி கேட்டு நிற்பது அசிங்கமாக இருந்திருக்கும், நானும் போகவில்லை. அதற்கப்புறம் ஒரு கிளையில் வியாபாரக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் பெட்டி என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜரிடம் வாதாடவில்லை, வேறு கிளை பார்த்தேன்.

அரை டாலர் மட்டும்தான் என்றில்லை. நிக்கல் (5 சென்ட்) ரோலில் 1942 முதல் 1945 வரை அடித்த போர்க்கால நிக்கல் வரும். போருக்கு நிக்கல் உலோகம் தேவைப்பட்டதால் அதில் 35 சதவீதம் வெள்ளி சேர்த்தார்கள். பின்பக்கம் கட்டடத்துக்கு மேலே எந்த நாணய அச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து பெரிதாக இருக்கும். 2019, 2020 குவார்ட்டர்களில் வெஸ்ட் பாயிண்ட் அச்சாலையின் W எழுத்து உள்ளவற்றை ஒவ்வொரு பின்பக்க வடிவத்துக்கும் 20 லட்சம் வீதம் வேண்டுமென்றே புழக்கத்தில் கலந்துவிட்டார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து தேட அதுதான் சரி, வருடத்தையும் எழுத்தையும் பார்த்தால் போதும்.

இந்தியாவில் முடியுமா? வெள்ளி கிடைக்காது. 1940களிலேயே ரூபாய்க் காசில் வெள்ளி போய்விட்டது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, அதனால் வங்கிப் பையில் பழசு வர வழியில்லை. அங்கே தேட வேண்டியது அச்சாலைக் குறியும் நினைவு நாணயமும்தான். வருடத்துக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. காமராஜர் ஐந்து ரூபாய், அண்ணா ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு ஐந்து ரூபாய் எல்லாம் இப்படிக் கைக்கு வரலாம்.

வங்கியோடு உள்ள உறவும் அங்கே தலைகீழ். நூறு காசு பாக்கெட் கேட்டால் விட்டது தொல்லை என்று சந்தோஷமாகத் தந்துவிடுவார்கள். திருப்பிக் கட்டப் போனால் கேஷியர் முகம் மாறும். கிளைகள் காசை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் தெருமுனைக் கடைக்காரரிடம் பழகி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்த காசை நோட்டுக்கு மாற்றிக்கொள்ள அவர்தான் உண்மையிலேயே ஆசைப்படுவார். அப்புறம், பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போனில் யாராவது சொன்னால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.