ஒரு காவல்காரர், இரண்டு மாந்தோப்பு: இன்று இரவு எங்கே?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எனக்கு இரண்டு மாந்தோப்பு. ஒன்றில் அல்போன்சா, ஒரு ராத்திரி திருடன் புகுந்தால் 6,000 ரூபாய் காய் போகும். இன்னொன்றில் பெங்களூரா, 2,000 ரூபாய் போகும். காவலுக்கு ஒரே ஆள். அவர் இருக்கிற தோப்பில் யாரும் கைவைப்பதில்லை, இல்லாத தோப்புதான் காலியாகிறது. அவரை எங்கே நிறுத்துவது?

பதில்: அல்போன்சாவிலேயே நிறுத்தினால் பெங்களூரா தினமும் போகும், ராத்திரிக்கு 2,000 நஷ்டம். நாள் விட்டு நாள் மாற்றுவது இன்னும் மோசம். முறை பிடிபட்டதும் ஒரு நாள் 6,000, மறுநாள் 2,000 என்று சராசரி 4,000 போகும்.

திருடனுக்கு எங்கே போனாலும் ஒன்றுதான் என்று ஆக்கிவிடுவதே வழி. காவல்காரர் அல்போன்சாவில் இருக்கும் வாய்ப்பு ‘ப’ என்று வையுங்கள். திருடனுக்கு அங்கே சராசரியாகக் கிடைப்பது 6,000 × (1 − ப). பெங்களூராவில் 2,000 × ப. இரண்டையும் சமன் செய்தால் ப = 3/4; நஷ்டம் ராத்திரிக்கு 1,500. இதற்குப் பெயர் கலப்பு உத்தி. ஒருவர் இழப்பது மற்றவர் லாபமாகிற இருவர் ஆட்டத்தில் இப்படியொரு சமநிலை உண்டு என்று ஜான் வான் நியூமன் 1928இல் நிரூபித்தார்.

முக்கால் வாய்ப்புக்கு இரண்டு நாணயம் போதும். சுண்டிவிட்டு, இரண்டும் பூவாக விழுந்தால் பெங்களூரா. வேறு எப்படி விழுந்தாலும் அல்போன்சா. இருட்டின பிறகு சுண்டுங்கள். காலையிலேயே சுண்டினால் சேதி டீக்கடை வழியாகப் போய்விடும்.

பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான்: ‘மூன்று நாளாக அல்போன்சா, இன்றைக்காவது மாற்றுவோம்’ என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். நான்கு ராத்திரி தொடர்ந்து அல்போன்சா விழ 256இல் 81 வாய்ப்பு, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. நீங்களாக மாற்றினால் அதுவும் ஒரு முறையாகி, திருடன் கண்டுபிடித்துவிடுவான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இதே கணக்கைத் திருடன் பக்கம் போட்டால், அவன் அல்போன்சாவுக்கு நாலில் ஒரு தடவைதான் வருவான். அதனால் சராசரியாக 16 ராத்திரியில் 9 தடவை பெங்களூரா போகும், 1 தடவை அல்போன்சா. மீதி 6 ராத்திரி ஒன்றும் போகாது. ‘அங்கேதானே திருட்டு அதிகம்’ என்று காவலைப் பெங்களூராவுக்குத் திருப்பினால் 6,000 ரூபாய்த் தோப்பைத் திறந்துவிட்டதாகும்.

‘ப’ போடும்போது எடுக்கவேண்டிய தொகை உங்கள் நஷ்டம் அல்ல, திருடன் கைக்கு வருவது. இரண்டையுமே பாதி விலைக்குத் தள்ளுகிறான் என்றால் விகிதம் மாறாது. ஆனால் பெங்களூரா பெரும்பாலும் லோடு லோடாக மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய். மூட்டைக்கணக்கில் விற்க அவன் சிரமப்படலாம். அல்போன்சாவில் 3,000, பெங்களூராவில் 500தான் தேறும் என்றால் ப = 6/7. அப்போது நாணயம் உதவாது. ஏழு சீட்டு எழுதிக் குலுக்குங்கள், ஒன்றில் மட்டும் பெங்களூரா.

அல்போன்சா பறிப்பு முன்னாலேயே முடிந்துவிடும். முடிந்த அன்றே சீட்டு, நாணயம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஆளைப் பெங்களூராவுக்கு அனுப்புங்கள்.