கேஸ் மாத்திரை முதல் கொலோனோஸ்கோபி வரை: வயிற்றுக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: இரண்டு வருடமாகப் பான்டோபிரசோல் என்ற கேஸ் மாத்திரை போடுகிறேன் டாக்டர். நிறுத்தினால் நெஞ்செரிச்சல் திரும்பிவிடுகிறது. ஆயுசுக்கும் போடணுமா?

பதில்: முதலில், எப்போது போடுகிறீர்கள்? டிபன், காபி எல்லாம் முடித்து அப்புறம் ஞாபகம் வந்து போடுகிறவர்கள்தான் அதிகம். சாப்பாடு வரும்போதுதான் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் முழுவீச்சில் ஓடும், ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்து அடைக்கும், அதனால் சாப்பிட அரை மணி நேரம் முன்பே வெறும் வயிற்றில் போட்டாக வேண்டும். இன்னொன்று, மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் கொஞ்ச நாளைக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். நோய்தான் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி ஆரம்பித்துவிடுவீர்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் தாங்களாகக் கைவைக்க வேண்டாம், அவர்களுக்கு இரைப்பையில் புண் வராமல் இது காவல்.

கேள்வி: எனக்கு அல்சர். காரத்தை விட்டால் சரியாகிவிடுமா?

பதில்: காரம் எரிச்சலைக் கூட்டும், புண்ணை உண்டாக்காது. பெரும்பாலும் காரணம் இரண்டுதான், ஒன்று வலி மாத்திரை, மற்றது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் டாக்டர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இதை ஆய்வகத்தில் வளர்க்கப் பார்த்து வளராமலே போய், 1982 ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டுகள் கூடுதல் நாள் கிடந்ததால்தான் வளர்ந்தது. அமிலத்தில் கிருமியா என்று பலரும் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார் (நீங்கள் செய்ய வேண்டாம்!). 2005ல் இருவருக்கும் நோபல். ஆக, கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொதுவாக 14 நாள் மருந்து, வாயெல்லாம் கசக்கும், பாதியில் விட்டால் அடுத்த முறை கேட்காது.

கேள்வி: அப்பாவுக்கு மலம் கறுப்பாகப் போகிறது. இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பதில்: அந்த மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டி, குடலைப் பிரட்டும் நாற்றத்தோடு போனால் அது உள்ளே கசிந்த ரத்தம். எது என்று சந்தேகமாக இருந்தாலோ தலைசுற்றல் இருந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள்.

கேள்வி: எண்டோஸ்கோபி ரொம்ப வலிக்குமா?

பதில்: வலிக்காது, வாய் வழியாகக் கேமரா குழாயை விடும்போது குமட்டும். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: கொலோனோஸ்கோபிக்குக் கொடுத்த பேதி மருந்தைப் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை இது. குடல் சுத்தமில்லை என்றால் சின்னப் பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதை) கண்ணில் படாது, இன்னொரு நாள் மறுபடி முதலிலிருந்து குடிக்கச் சொல்வார்கள். குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு, இடைவெளி விட்டுக் குடியுங்கள். கடைசியில் கசடில்லாமல் மஞ்சள் தண்ணீராகப் போகணும், அதுதான் கணக்கு. இடையில் இளநீர் குடிக்கலாம், ஆனால் சிவப்பு ஜூஸ் எதுவும் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தமா ஜூஸா என்று குழப்பும்.